மூணாவது தண்ணி

ரோஷனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே ஒரு கொப்புளம். கொசுக்கடி என்று நினைத்துக்கொண்டு முதுகைத் திருப்பினால் அங்கே ஐந்தாறு, கடுகு அளவில், நீர் கோத்துக்கொண்டு. கையிலிருந்த துண்டை அவன் தோளில் போட்டுவிட்டு இரண்டடி பின்வாங்கினேன். நாலு வயதுப் பிள்ளை ஈரத்தோடு நின்று, "அத்தை, ஃப்ருவா" என்றான். குளிருகிறதாம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"அண்ணி, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்ட என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அண்ணி என்பது என் கணவர் விமல்ராஜின் அக்கா கமலவேணி. பாரிசுக்குப் பக்கத்தில் பதினான்கு வருஷக் குடித்தனம். அவளுடைய மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர் என்பதால் அந்தக் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. சுனாமியில் எங்கள் மீனவக் குப்பமான பிள்ளைச்சாவடியில் இருந்த வீடு போய் நாங்கள் முத்தியால்பேட்டையில் வாடகைக்கு வந்தபிறகு, இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் முதல்முறையாக வந்திருந்தாள், எட்டு வயது நிலானியோடும் இந்த ரோஷனோடும். அவர்களோடு விளையாட ஆள் வேண்டுமென்று என் கொழுந்தன் ராஜவேல் தன் ஆறு வயது மகள் தேவிப்பிரியாவை அரியாங்குப்பத்திலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தான். அரையாண்டு லீவு. இரண்டு அறை வீட்டில் மூன்று பிள்ளைகளும் நாலு சூட்கேசும். நான் நர்சரி பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், பிள்ளைகளின் சத்தம் எனக்குப் பொருட்டே இல்லை. அந்த ஒரு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அண்ணி வந்து குனிந்து பார்த்தாள். "வரிசெல்தான், நம்மூரு சின்னம்மை. இவன் கிளாஸ்ல நாலு புள்ளைக்கு இருந்துது. நிலானிக்குக்கூட ரெண்டு வயசுல வந்துது. அங்கல்லாம் இத யாரும் கண்டுக்கறதில்ல" என்று பிரான்ஸ்காரியாகச் சொன்னாள். சரி, டாக்டரிடம் காட்டி மருந்து தடவி முடித்துவிடுவாள் என்று நினைப்பதற்குள், இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வெள்ளிக்கெழமையா பாத்து வந்திருக்கியே தாயே" என்று பிள்ளைச்சாவடிக்காரியாகிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை தொங்கியது. விமானத்தில் வந்து இறங்கியவளுக்கு, உள்ளூரில் இருந்த நாங்கள் மறந்துபோனதெல்லாம் வரிசையாக நினைவிருந்தது. வீட்டில் எதையும் தாளிக்கக் கூடாது. கவுச்சி கூடாது, முட்டை கூடாது. உள்ளே இருப்பவர்கள் வெளியே போகக் கூடாது. வெளியிலிருந்து யாராவது படி தாண்டி வந்துவிட்டால், மூணாவது தண்ணி ஊற்றும்வரை அவர்களும் போகக் கூடாது. கொப்புளம் அடங்கியபின் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தரம் தலைக்கு ஊற்ற வேண்டும். அப்போதுதான் ஆத்தா மனம் குளிர்ந்து கிளம்புவாள். எப்படியும் பத்துப் பன்னிரண்டு நாள். தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் விமல்ராஜுக்கு மட்டும் சலுகை கிடைத்தது. "சம்பளம் குடுக்கறவனுக்கு ஆத்தா அருமை எங்க தெரியும்" என்று சொல்லி, போகும்போதும் வரும்போதும் மஞ்சள் தண்ணீரில் கால் கழுவ வைத்தாள்.

மறுநாள் காலை ராஜவேல் மகளைக் கூட்டிப்போக வந்தான். தேவிப்பிரியாவுக்குப் போன வருஷமே அம்மை போட்டாயிற்று, அதனால் பயமில்லை. ஆனாலும் அண்ணி அவனை இரும்பு கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டாள். "வந்த புள்ள வந்ததுதான், இப்ப அனுப்ப முடியாது. நீ வேணா உள்ள வா. வந்தா தண்ணி ஊத்தறவரைக்கும் இங்கயே கெட."

"அய்யோ, எனக்கு வேல கீதுக்கா" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அப்பனை வழியனுப்பிவிட்டு தேவிப்பிரியா துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். லீவு நீண்டுவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

என் கதை வேறு. எனக்கு அப்போது பத்து வாரம். ஏற்கெனவே இரண்டு முறை, மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று நானும் விமல்ராஜும் முடிவு செய்திருந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கொல்லைப்பக்கம் துணி எடுக்கிற சாக்கில் போய் அவருடைய செல்போனில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உனக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா துர்கா?"

"தெரியலயே மேடம்."

"வந்திருந்தா கவலையே படாத, திரும்ப வராது. வரலன்னா இந்த மாசத்துல உனக்கு வரக்கூடாது. ரத்தம் எடுத்துப் பாக்கலாம், ஆனா லீவு முடிஞ்சி மெட்ராஸ்ல இருந்து ரிசல்ட் வர ஒரு வாரம் ஆயிடும். ஊசி இருக்கு, அதையும் மெட்ராஸ்ல இருந்துதான் வரவழைக்கணும், சீக்கிரம் போடணும். வீட்ல பெரியவங்கள கேட்டு திங்கக்கெழம சாயங்காலத்துக்குள்ள சொல்லு. அதுவரைக்கும் அந்தப் புள்ளகிட்ட போகாத."

பெரியவர்களை எங்கே போய்க் கேட்பது? அப்பா போய் இருபது வருஷம், அம்மா போய் எட்டு வருஷம். அம்மா இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். அன்றைக்கு நானும் விமல்ராஜும் கதவைச் சாத்திக்கொண்டு என் உடம்பில் தழும்பு தேடினோம். முகத்தில் இல்லை. கையில் இருந்த இரண்டு வட்டம் பெரியம்மை ஊசி குத்தியது, அது கணக்கில் வராது. முழங்காலில் இருந்தது பாகூர் ஏரிக்கரையில் விழுந்தது. அவர் மூக்கு நுனியில் இருந்த பள்ளத்தைக் காட்டி, "எனக்குப் பாரு, எப்டி பளிச்சினு வச்சிட்டுப் போயிருக்கா" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேட்பதற்கு இன்னும் ஒரே ஒரு ஆள் உலகத்தில் மிச்சம் இருந்தது. என் அண்ணன் கலியபெருமாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன், பாகூரில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. கழனிக்காரன் வீட்டுப் பெண் கடற்கரைப் பையனைக் கட்டுவதா என்று அவன் குதித்தான். நான் சளைத்தவளா? ஊரே கேட்க வாசலில் நின்று, "பத்தாவது பெயிலானவனுக்கு என் வாழ்க்கையப் பத்தி இன்னா தெரியும்?" என்று கத்தினேன். அவன் வாயடைத்துப் போனான். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சுனாமி அன்றைக்கு அவன் பிள்ளைச்சாவடி முனை வரைக்கும் வந்து, நான் உயிரோடு இருக்கிறேனா என்று யாரிடமோ கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதாக ஒரு பேச்சு காதில் விழுந்தது. நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அவன் நம்பர் என்னிடம் இல்லை. சனிக்கிழமை மத்தியானம், விமல்ராஜ் எனக்காக வீட்டில் விட்டுப்போயிருந்த செல்போனிலிருந்து, அவன் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடை நம்பருக்குப் போன் செய்தேன். கடைக்கார ஜெயம் அக்காவுக்கு என் குரல் உடனே தெரிந்துவிட்டது. நலமும், இப்போது இருக்கும் தெருவும் விசாரித்து முடியும்வரை காத்திருந்துவிட்டு, "அக்கா, எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுதான்னு அண்ணனைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லி இந்த நம்பரைக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அன்று முழுக்க போன் வரவில்லை.

ரோஷனுக்கு அதற்குள் முகமெல்லாம் முத்து. வேப்பிலை பரப்பிய பாயில் படுத்துக்கொண்டு, "அத்தை வா, அத்தை கதை சொல்லு" என்று என்னையே கூப்பிட்டான். வந்த நாளிலிருந்து என் மடியில்தான் கிடந்த பிள்ளை. நான் அறை வாசலில் நின்றபடியே கதை சொன்னேன். தண்ணீர் கேட்டால் நிலானியிடம் கொடுத்து அனுப்பினேன். அண்ணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை கேழ்வரகுக் கூழ் கிண்டும்போது என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"நாத்தனா புள்ளன்னா தொடறதுக்கு அருவருப்பா கீதா?"

"அப்டி இல்லண்ணி."

"அப்ப எப்டி? உன் புள்ளயா இருந்தா வாசப்படில நின்னுகினு இருப்பியா?"

உன் புள்ளை என்ற வார்த்தை எங்கே குத்தும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அடுப்பைத் தணிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது ஞாபகம் வந்தது.

பேக்கரியில் சொல்லிவைத்திருந்த கேக்கில் முட்டை இருக்கும் என்பதால் அதை வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லி அண்ணி உத்தரவு போட்டாள். நிலானி ஓவென்று அழுதாள். அங்கே கிறிஸ்துமஸுக்கு மரக்கட்டை மாதிரி உருட்டிய பூஷ் என்று ஒரு கேக் செய்வார்களாம். அது இல்லாமல் கிறிஸ்துமஸே இல்லையாம். அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேழ்வரகுக் களியைக் கெட்டியாகக் கிண்டி, வாழையிலையில் தட்டி, வெல்லமும் தேங்காய்ப்பூவும் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, கத்தியால் மேலே பட்டை பட்டையாகக் கீறிக் கொண்டுவந்து வைத்தாள். நிறம் சொல்லவே வேண்டாம், விறகுக்கட்டை தோற்றது. நிலானி சந்தேகமாக ஒரு வாய் தின்றுவிட்டு, அப்புறம் பேச்சே இல்லாமல் தின்றாள்.

தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். குடில் பார்க்கப் போகமுடியாத பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு எதிர்வீட்டு நட்சத்திரம் எரிவதையும் அணைவதையும் எண்ணினார்கள். எண்ணிக்கொண்டே நிலானிக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்தது.

"அத்தை, உள்ள வந்தவங்க வெளிய போகக்கூடாது இல்ல? அப்ப பெர் நோயல் வந்தா?"

பெர் நோயல் என்றால் கிறிஸ்துமஸ் தாத்தா. நான் பதில் யோசிப்பதற்குள் தேவிப்பிரியா கவலையோடு கேட்டாள். "அவரும் இங்கயே இருக்கணுமா பெரியம்மா? எங்க படுப்பாரு?"

மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தேன். உள்ளே போயிருந்த அண்ணிகூடச் சிரித்த சத்தம் கேட்டது. கடைசியில், பெர் நோயல் படி தாண்டாமல் வெளியிலிருந்தே கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று. அங்கே பிள்ளைகள் செருப்பில்தான் பரிசை வைத்துவிட்டுப் போவாராம். மூன்று பேருடைய ஷூவையும் செருப்பையும் வாசல்படிக்குக் கீழே, வேப்பிலைக்கு நேராக, அளவெடுத்த மாதிரி வரிசையாக வைத்தாள் நிலானி. காலையில் எழுந்து பார்த்தபோது ஒவ்வொன்றிலும் மூன்று சாக்லேட் இருந்தது. அண்ணியின் சூட்கேஸில் அந்தச் சாக்லேட் சுற்றிய காகிதத்தை நான் முன்பே பார்த்திருந்தேன்.

திங்கட்கிழமை. கிறிஸ்துமஸ். போன் வரவில்லை. விமல்ராஜுக்கு லீவு என்பதால் வீட்டிலேயே இருந்தார். பதினோரு மணிக்கு என் காதில், "நானே பாகூருக்குப் போயி கேட்டுட்டு வரேன்" என்றார். "கேவலமா பேசுவான், நீங்க போவாதீங்க" என்றேன். "பேசட்டும், காதுதான போவுது" என்று சட்டையை மாட்டினார். அந்த நேரத்தில்தான் கேட்டுக்கு வெளியே டிவிஎஸ் வண்டி ஒன்று வந்து நின்று அணைந்தது.

அண்ணன். நரைத்திருந்தான். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. கழனியிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். வண்டி ஹேண்டிலில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. கேட்டைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாசல்படியில் நின்றேன். ஆறு வருஷத்துக்கு இடையில் ஆறடிதான் இருந்தது. அவன்தான் ஆரம்பித்தான். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை.

"உனக்குப் போட்டுச்சி" என்றான்.

"நெஜமாவா அண்ணா?"

"நாலு வயசு உனக்கு. மாசி மாசம். ஒடம்பெல்லாம் ஊசி குத்த எடமில்ல. பகல்ல அம்மா கழனிக்குப் போயிடும், நான்தான் வேப்பிலையால தடவிக்கினு ஒக்காந்திருப்பேன். சொறியக்கூடாதுன்னு உன் கைய துண்டால கட்டினேன். நீ பின்மண்டைய செவுத்துல வச்சி தேச்சிகினு ரத்தமாக்கிகின. அங்க முடிக்குள்ள பாரு, பெரிய தழும்பா இருக்கும்."

நான் திரும்பி உட்காருவதற்குள் நிலானி ஓடிவந்து என் பின்னலைத் தூக்கிவிட்டாள். சின்ன விரல்கள் முடியை விலக்கி விலக்கித் தேடின. கண்ணாடியில் தெரியாத இடம், யாரும் பார்க்க நினைக்காத இடம். "இசி! இங்க! இங்க இருக்கு!" என்று கத்தினாள். தேவிப்பிரியாவும் எட்டிப்பார்த்து, "ஆமாம் பெரியம்மா, ரெண்டு இருக்கு" என்றாள். விமல்ராஜ் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை எடுக்கவே இல்லை. அப்படியே படியில் சாய்ந்துகொண்டு, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் தலைக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தேடியிருக்கிறேன்.

"நல்லா ஞாபகம் இருக்குதா அண்ணா? வேற யாருக்கோ போட்டத சொல்லலயே?" என்று இன்னொரு முறை கேட்டேன். அவ்வளவு சுலபமாக நம்ப மனம் வரவில்லை.

அண்ணன் கேட்டுக் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினான். "எப்டி மறக்கும்? உங்கிட்ட இருந்து எனக்கு ஒட்டிகிச்சி. உனக்குத் தண்ணி ஊத்தி நாலாம் நாளு எனக்கு மொகமெல்லாம் முத்து. மறுநாளு தமிழ் பரீட்ச."

"என்ன பரீட்ச?"

"பத்தாவதுதான். உள்ளயே வுடமாட்டோம்னு சொல்லிட்டாங்க."

"அம்மா நீ பெயிலுன்னுதான சொல்லும்."

"எழுதாதவனுக்கும் பெயிலுன்னுதான் போடுவான்" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான், மழை எவ்வளவு பெய்தது என்று சொல்கிற மாதிரி. "அக்டோபர்ல எழுதலாம்னாங்க. அதுக்குள்ள ஏர புடிச்சாச்சி."

ஊர் கேட்க நான் கத்திய அந்த வாசல், அன்றைக்கு அவன் மூடிக்கொண்ட வாய் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தலை குனிந்திருப்பேன். சொல்லவில்லை. வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் காலில் காய்ந்திருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கெழமையே ஜெயம் சொல்லிச்சி. போன்ல சொல்லலாம்னுதான் பாத்தேன். உங்க அண்ணி செல்வாம்பாதான், இத ஒரு பொம்பள சும்மா கேக்கமாட்டா, மாசமா இருப்பா, நேர்ல போயி சொல்லிட்டு வான்னா" என்றான்.

எனக்குப் பின்னால் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. கமலவேணி அண்ணி ரோஷனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள், விமல்ராஜ் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தினி மாசம்டி?"

"பத்து வாரம் அண்ணி."

"அடிப்பாவி. என்னா வார்த்த கேட்டுட்டேன் உன்ன! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வாய் என்னா வாடகைக்கு வுட்டுட்டியா?" என்று திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே ரோஷனை என் மடியில் இறக்கிவிட்டாள். நாலு நாளாக ஏங்கிக் கிடந்த பிள்ளை, கொப்புளமும் வேப்பிலை வாசமுமாக என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைச் சொல்லச் சொன்னான். நான் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். விமல்ராஜ் டாக்டரம்மாவுக்குப் போன் போடக் கொல்லைப்பக்கம் ஓடினார்.

அண்ணன் இன்னும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தான். சொல்ல வந்ததைச் சொல்லியாயிற்று. தையில் அறுப்பு, சம்பா கதிர் சாய்ந்துகொண்டிருக்கும் நேரம். கிளம்பிவிடுவான் என்று எனக்குத் தெரியும். உள்ளே வா என்று கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது? அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டுச் சட்டத்தை நினைவுபடுத்தினாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வாங்கன்னு சொல்லணும்னுதான் ஆச. ஆனா படி தாண்டிட்டீங்கன்னா மூணாவது தண்ணி ஊத்தறவரைக்கும் போவக்கூடாது. பத்து நாளு ஆவும்."

"தெரியும்மா" என்றான் அண்ணன். வண்டியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தான். மேலே இரண்டு கொத்து வேப்பிலை. அதை எடுத்து அண்ணியிடம் நீட்டியபோது அடியில் மடித்து வைத்திருந்த லுங்கியும் துண்டும் தெரிந்தன. "பக்கத்து கழனிக்காரன தண்ணி பாத்துக்கச் சொல்லிட்டுதான் வந்தேன்."

கேட்டைத் திறந்தான். குழாயடியில் கால் கழுவினான். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, என் தலையில் ஒரு நொடி கை வைத்து, அதே கையால் ரோஷனின் கன்னத்தையும் தொட்டுவிட்டு, குனிந்து வேப்பிலையைத் தாண்டி உள்ளே போனான். தேவிப்பிரியா என் காதுக்குள் வாயை வைத்து, "பெரியம்மா, இவரு எங்க படுப்பாரு?" என்று கேட்டாள்.

நிலானி மட்டும் படியிலேயே இருந்தாள். கோணலாகக் கிடந்த அந்தச் சேற்றுச் செருப்பு இரண்டையும் விரல் நுனியால் தூக்கி, தங்கள் ஷூ வரிசையின் கடைசியில் நேராக வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பையிலிருந்து மிச்சமிருந்த ஒரு சாக்லேட்டை எடுத்து, இடது செருப்பின் மேல் விழாமல் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தாள்.